அக்கா கேட்ட பதினெட்டு

மட்டாஞ்சேரி
18 ஜனவரி 2026

அக்கா,

2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. வேண்டியது இருபது புள்ளி. நாம் எடுத்தது பதினெட்டு. இரண்டு புள்ளியில் ஃபைனல் போயிற்று. இதிலாவது உனக்கும் எனக்கும் தகராறு இருக்க முடியாது என்பதால் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். அத்திம்பேரைக் கூப்பிட்டேன். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் ரெஃபரி இல்லை, ஆளை விடு" என்று வைத்துவிட்டார். அதனால் இருபத்தாறு வயதில் முதல் தடவையாகத் தபாலாபீஸ் வரிசையில் நிற்கப் போகிறேன். ஒலவக்கோடு ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்கோடு அம்மா கொடுத்தது. ட்ரெயின் ஏறி நேரில் போய்ப் பேசினால் என்ன என்றும் கேட்டாள். நீ கதவைத் திறக்க மாட்டாய் என்று அவளிடம் சொல்லவில்லை.

எழுத்து கோணலாக இருக்கும். மலையாளம்தான் எனக்கு வேகமாக வரும். ஆனால் சின்ன வயதில் சீட்டுக் கணக்கை நாம் தமிழில்தான் எழுதினோம், பக்கத்து வீட்டுப் பசங்கள் படிக்கக் கூடாது என்று. அதே பழக்கம்.

அம்மாவுக்கு இருபத்தெட்டு ஆட்டம் தெரியாது. என்ன நடந்தது என்று கேட்டாள், விளக்கினேன். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, கூட்டினால் இருபத்தெட்டு. முதல் நாலு சீட்டைப் பார்த்து, எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஏலம் போலக் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் துருப்பு வைப்பார். பிறகு மீதிச் சீட்டும் வரும், எட்டுப் பிடி ஆட வேண்டும். ஒவ்வொரு பிடியிலும் விழுகிற புள்ளி பெரிய சீட்டு போட்டவர் ஜோடிக்கு, ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிது. கேட்டதை எடுத்தால் ஜெயம், ஒன்று குறைந்தாலும் தோல்வி. எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "இதுக்காடா ரெண்டு பேரும் பேசாம இருக்கேள்?" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட எக்செல் ஷீட்டுக்காகக் கோபம் என்றால், அது கோபப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஃபைனல் முழுவதையும் பிடி பிடியாக எழுதினேன். யார் என்ன போட்டார்கள், என்ன போட்டிருக்க வேண்டும், எத்தனை புள்ளி நஷ்டம். தவறு இருந்த வரிகளுக்குச் சிவப்பு. சிவப்பு வரிகளில் உன் பெயர் வந்தது நான் வேண்டுமென்று செய்ததல்ல. முக்கியமாகச் சிவப்பில் ஒன்பதாவது வரி. கடைசி ஆட்டம், ஐந்தாவது பிடி. நான் துருப்பு ஜாக்கியை இறக்குகிறேன். அந்தப் பிடி நமக்குத்தான், யாராலும் தடுக்க முடியாது. உன்னிடம் துருப்பு இல்லை, எந்தச் சீட்டு வேண்டுமானாலும் போடலாம். கையில் ஆட்டின் ஒன்பது இருக்கிறது, இரண்டு புள்ளி. அதைப் போட்டிருந்தால் இருபது. நீ போட்டது ஆட்டின் ஏழு, பூஜ்யம். இரண்டு பிடி கழித்து அந்த ஒன்பதை எதிராளியின் ஜாக்கி தின்றது.

இதைச் சொல்லக் கூடாதா? கோல்டு ஸ்டோரேஜில் கம்ப்ரஸர் நின்றால் நாங்கள் ரிப்போர்ட் எழுதுகிறோம். கம்ப்ரஸர் எங்களோடு பேச்சை நிறுத்துவதில்லை.

ஆட்டம் முடிந்ததும் நான் கிளம்பியது பற்றி அம்மாவிடம் ஏதோ சொன்னாயாம். எனக்கு ஷிஃப்ட் இருந்தது. வெலிங்டன் தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும்.

மார்ச் 15 அடுத்த போட்டி. ஜோடிப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 1. ஆறு வருஷமாக நாம்தான் ஜோடி. ஒரு தடவைகூடக் கோப்பை எடுக்கவில்லை. இந்தத் தடவை எடுத்தாக வேண்டும். பதில் போடு.

நிகில்


ஒலவக்கோடு
24 ஜனவரி

நிகில்,

கடிதம் வந்தது. ஸ்பீடு போஸ்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார் தபால்காரர். யாருக்கோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து எதிர்வீட்டுக் கற்பகம் எட்டிப் பார்த்தாள். படித்தபின் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று விஷயம் எழுதுகிறேன், அதற்குமேல் எனக்கு இஷ்டமில்லை.

உன் ஷிஃப்ட் அன்று எட்டு மணிக்கு. அம்மா சொன்னாள். தீவுக்குப் படகில் எத்தனை நேரம் என்று எனக்கும் தெரியும். நீ ஐந்தே முக்காலுக்குப் படியிறங்கினாய்.

நம் கிளப்பில் ஃபைனலில் தோற்ற ஜோடி என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நான் சொன்னேன். ஆளுக்கொரு பலா இலையைக் கிளிப்பில் மாட்டிக் காதில் தொங்கவிட வேண்டும், அதற்குக் குணுக்கு என்று பெயர், அதோடு ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் சாயா கொடுக்க வேண்டும் என்று. அவள் சிரித்தாள். நீ எங்கே நின்றாய் என்று கேட்டாள். அதை நீயே சொல்லிக்கொள்.

மூன்றாவது. உன் எக்செல்லில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. யார் எத்தனை கேட்டார்கள் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. நான் எத்தனை கேட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பார்த்துச் சொல்.

மார்ச்சுக்கு என்னை எண்ணாதே. சுபாஷிணி கூப்பிட்டிருக்கிறாள். நம்மைத் தோற்கடித்த அதே சுபாஷிணிதான். அவளுடைய தம்பி அடுத்த மாதம் மஸ்கட் போகிறான், அவளுக்கு ஜோடி வேண்டும். இடப்பள்ளி மாலில் பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, ராத்திரி எனக்கு போன் செய்து மரியாதையாகக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் கம்ப்ரஸர் இல்லை.

ஸ்நேஹா


மட்டாஞ்சேரி
31 ஜனவரி

அக்கா,

உன்னைப் பொய்யாக்கத்தான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கிளப் செக்ரட்டரி வெங்கிடராமன் மாமா ஃபைனலை மேஜைக்கு மேலே போனைக் கட்டி எடுத்திருந்தார் இல்லையா, அது. நாலு பேர் கைச்சீட்டும் தெரிகிறது. கடைசி ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

கேட்ட வரிசை இது. சுபாஷிணி பதினாறு. நீ பதினெட்டு. அவள் தம்பி பாஸ். நான் இருபது. சுபாஷிணி பாஸ்.

ஜோடி கேட்டதற்கு மேல் கேட்பதானால் இருபதுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த விதி எதற்கு என்று நான் இதுவரை யோசித்ததில்லை. உன் ஜோடி பேசிவிட்டான், மேலே பேசுவதானால் நன்றாக யோசித்துப் பேசு என்பதற்குத்தான் போலிருக்கிறது. நான் எத்தனை நேரம் யோசித்தேன் என்று பார்த்தேன். யோசிக்கவே இல்லை. நீ "பதினெட்டு" என்று முடிப்பதற்குள் என் வாய் திறந்தாயிற்று. வீடியோவில் தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

உன் முதல் நாலு சீட்டு: கிளாவர் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், அப்புறம் ஆட்டின் ஒன்பது. அதை வைத்துப் பதினெட்டு கேட்டது நியாயம். என்னிடம் இஸ்பேட் ஜாக்கியும் ஒன்பதும் இருந்தன. நல்ல கைதான், ஆனால் உன் கையைவிட நல்ல கை இல்லை. நீ துருப்பு வைத்திருந்தால் எத்தனை எடுத்திருப்போம் என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். எப்படித் திருப்பி ஆடினாலும் இருபத்தொன்றுக்குக் கீழே வரவில்லை. அதைக்கூட விடு. நான் சொதப்பிய அந்த ஆட்டத்திலேயே நாம் எடுத்தது பதினெட்டு. நீ கேட்டதும் பதினெட்டு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோப்பையும் பரிசு நேந்திர வாழைக்குலையும் நம் வீட்டில் இருந்திருக்கும்.

காரணமும் கண்டுபிடித்தேன். போக்கர். தினமும் படகில் போனில் ஆடுகிறேன். டிசம்பரில் ஆபீஸ் கிறிஸ்துமஸ் போக்கர் போட்டியில் முதலாவதாக வந்தேன், காசு கிடையாது, ஒரு கேக். அந்தத் திமிர் மூன்று வாரம் இருந்தது. போக்கரில் மேஜையில் இருக்கிற எல்லோரும் எதிராளிகள். யாராவது ஒரு நம்பர் சொன்னால் அது என்னை அடக்கச் சொன்ன நம்பர், அதற்குமேல் ஏற்ற வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பது என் ஜோடி என்பதே மூளைக்கு எட்டவில்லை. உன் பதினெட்டையும் எதிராளியின் நம்பராகக் கேட்டிருக்கிறேன்.

ஆக, தவறு என்னுடையது. கணக்கு ரீதியாக நிரூபணமாகிவிட்டது. எக்செல்லைத் திருத்தி, கேட்ட வரிசைக்கு ஒரு கட்டம் சேர்த்து, என் இருபதுக்குச் சிவப்பு அடித்து, உன் பெயரில் இருந்த சிவப்புகளில் ஒன்பதாவது வரி தவிர மற்றதை எடுத்துவிட்டு, நேற்றே குரூப்பில் போட்டுவிட்டேன். நீ குரூப்பை விட்டுப் போய்விட்டாய் என்பதால் பிரிண்ட் இத்துடன் இருக்கிறது.

இனிமேல் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். சுபாஷிணியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நிகில்


ஒலவக்கோடு
6 பிப்ரவரி

நிகில்,

உன் பிரிண்ட் வந்தது. பார்த்தேன். மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது மேஜை ஆடவில்லை. நன்றி.

முன்பு குரூப்பில் இருக்கும் நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும் நான் தவறு செய்தேன் என்று தெரியும். இப்போது அதே நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும் நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று தெரியும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? என்னிடம் கேட்காமல் என்னை அவமானப்படுத்தினாய், என்னிடம் கேட்காமல் என்னைக் காப்பாற்றவும் செய்தாய். இரண்டும் ஒரே காரியம்டா. நான் பதினெட்டு என்றேன், நீ இருபது என்றாய். மறுபடியும் அதேதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உன் வீடியோ உனக்கு அதைக் காட்டியிருக்காது, ஆட்டம் முடிந்ததும் மாமா போனை அவிழ்த்துவிட்டார்.

சீட்டை மேஜையில் எறிந்தாய். நாற்காலி பின்னால் விழுந்தது. எடுத்து வைத்தது கிளப்புக் கிழவர் தாவூதிக்கா. நீ படியில் இறங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, பழைய கோடவுனின் மரப்படி, கேட்காமல் என்ன. வெங்கிடராமன் மாமா கையில் இரண்டு பலா இலை, இரண்டு கிளிப். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றை ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாம் என்றுதான் அவருக்கும் மனசு. நான் இரண்டையும் வாங்கினேன். காதில் இருந்த ஜிமிக்கியைக் கழற்றிப் பர்சில் வைத்துவிட்டு, ஒவ்வொரு காதிலும் ஒவ்வொன்று மாட்டினேன்.

அறுபது பேருக்குச் சாயா. தட்டில் பன்னிரண்டு டம்ளர்தான் நிற்கும், அதனால் ஐந்து நடை. முதல் நடையில் எல்லோரும் சிரித்தார்கள். அது வழக்கம், நாமும் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். குனியும்போது இலை கன்னத்தில் உரசும், கூசும். இரண்டாவது நடைக்குள் சிரிப்பு நின்றுபோயிற்று. அதுதான் மோசம். கேலி செய்ய வேண்டிய இடத்தில் எல்லோரும் என்னிடம் மரியாதையாக இருந்தார்கள். தாவூதிக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு, அவருக்கு எப்போதும் மெல்லப் பேச வராது, "மோளே, மத்த இலை ஆருக்கு உள்ளது?" என்று கேட்டார்.

"என் தம்பிக்கு உள்ளது" என்றேன்.

அவர் சர்க்கரை மட்டும் இன்னொரு ஸ்பூன் கேட்டார்.

தோற்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆறு வருஷமாகத் தோற்கிறோம். எதிரே நீ இருக்கிறாய் என்று நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது, அதற்குத்தான்.

இனி ஒன்பதாவது வரி. இதை எழுதாமலே விட்டிருக்கலாம், உனக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. ஆனால் எழுதாவிட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன்.

அந்த வரி சரி. நீ துருப்பு ஜாக்கியை இறக்கியபோது ஆட்டின் ஒன்பதைப் போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விரல் அதன் மேல்தான் இருந்தது. என் பதினெட்டை நீ மிதித்துக்கொண்டு போனதை அதுவரை நான் மறக்கவில்லை. அவனே எடுக்கட்டும், அவ்வளவு நிச்சயம் என்றால் அவனே இருபதையும் எடுக்கட்டும் என்று தோன்றியது. ஏழைப் போட்டேன். போட்ட கணமே தெரிந்துவிட்டது. ஒரு சீட்டு போடுகிற நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் நான் உன் ஜோடியாக இல்லை. உன் சிவப்பு நிறம் என்னை அவ்வளவு எரித்ததற்கு அதுதான் காரணம். பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இது உன் எக்செல்லுக்குக் கிடைத்த வெற்றி என்று குதிக்காதே. குரூப்பில் போட்டால் இந்த ஜன்மத்தில் பேச மாட்டேன்.

ஸ்நேஹா


மட்டாஞ்சேரி
16 பிப்ரவரி

அக்கா,

குரூப்பில் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவிடம்கூட இல்லை.

உன் கடிதத்தில் ஒன்பதாவது வரி வந்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். அன்று பார்த்து அம்மா டிபனுக்குக் குணுக்கு பொரித்துக்கொண்டிருந்தாள், பருப்பு அரைத்துப் பொரிக்கிற குணுக்கு. தட்டில் நாலு போட்டாள். சாப்பிட முடியவில்லை. அந்த இரண்டு புள்ளி உன் கையில் ஏன் மாட்டிக்கொண்டது என்று உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ரிப்போர்ட்டில் 'ஏன்' என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வார்கள். அக்கா ஏன் ஏழு போட்டாள்? கோபம். ஏன் கோபம்? நான் இருபது கேட்டேன். ஏன் கேட்டேன்? அவள் சொன்னதை நான் கேட்கவே இல்லை. அதற்குமேல் 'ஏன்' போடவில்லை. போட்டால் போக்கர், ஷிஃப்ட் என்று மறுபடி எங்காவது தப்பித்துப் போவேன்.

ஷிஃப்ட் எட்டு மணிக்குத்தான். ஐந்தே முக்காலுக்கு இறங்கி, படகுத்துறையில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று படகு போயிற்று. காதில் இலையோடு நிற்கப் பயம், அவ்வளவுதான். நீ இரண்டையும் மாட்டிக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் தவறு.

நேற்று கிளப்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைச் சாதாரண ஆட்டம். வெங்கிடராமன் மாமாவிடம் ஒரு பலா இலை கேட்டேன். மாட்டிக்கொண்டு சாயா கொடுக்கிறேன், என் பாக்கி என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"அது தோத்த அன்னிக்குள்ளது. இன்னிக்கு மாட்டிண்டா அது நாடகமாக்கும். சாயா வேணும்னா கொண்டுபோய்க் குடு, இலை கிடையாது."

கொடுத்தேன். இலை இல்லாததால் யாருமே கவனிக்கவில்லை. ஒருவர் என்னைக் கடைப்பையன் என்று நினைத்துக் காலி டம்ளரை நீட்டினார். தாவூதிக்கா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவ தந்தப்போ சூடு உண்டாயிருந்தது" என்றார். ஆறியதுதான். படியில் மெல்ல ஏறினேன்.

இன்னொன்று. வேலையில் எனக்கு முந்தைய ஷிஃப்ட் சங்கர்ராம். போகும்போது எந்த அறையில் என்ன சத்தம், எந்த ஃபேன் எப்படி ஓடுகிறது என்று ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டுத்தான் போவார். நான் அவர் பேசும்போதே மீட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அறை மைனஸ் பதினெட்டில் இருந்தால் போதும், மீதி எதற்கு என்று. இந்த வாரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டேன். அவர் பாதியில் நிறுத்தி, "எந்தா, உடம்பு சுகமில்லையா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக அந்த மனுஷன் சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நீ ஆறு வருஷமாக.

மன்னிப்புக் கேட்கிறேன். குரூப்பில் போட்டதற்கு, இரண்டு தடவையும். படியிறங்கியதற்கு. கேட்காததற்கு. கணக்கு ரீதியாக இல்லை.

மார்ச் பற்றி இதில் எழுதவில்லை. நீயே சொல்.

நிகில்


ஒலவக்கோடு
23 பிப்ரவரி

நிகில்,

நாலு தடவை படித்தேன். உன் அத்திம்பேரும் ஒரு தடவை படித்தார், கோபிக்காதே. "பரவாயில்லையே, ஆள் தேறிட்டான்" என்றார். நான் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன்.

நீ படித்ததும் மனசு விட்டுப்போகும் ஒரு செய்தி. முந்தின வியாழக்கிழமை சுபாஷிணிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தது சனிக்கிழமை. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஆனால் இப்போது மாற்ற மாட்டேன். அவளிடம் வார்த்தை கொடுத்தாயிற்று. இப்போது அவளை நடுவில் விட்டால், நீ எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்வேன். அதனால் மார்ச்சில் நான் சுபாஷிணி எதிரே உட்காருகிறேன்.

ஒருவேளை அது எனக்கும் நல்லதாக இருக்கலாம். ஒன்பதைக் கையில் பிடித்து வைத்தவளும் கொஞ்சம் திருந்த வேண்டும். அவள் என் தம்பி இல்லை, அவளிடம் கோபத்தில் ஏழு போட முடியாது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அதற்காக உடனே மெசேஜ் அடிக்காதே. கடிதத்தில் நீ கொஞ்சம் நின்று பேசுகிறாய். போனில் உன் வாய் முந்திக்கொள்கிறது.

இத்துடன் ஒரு இலை இருக்கிறது. ஜனவரி பதினொன்றாம் தேதி என் இடது காதில் இருந்தது. என்னுடையதை அன்றைக்கே படகிலிருந்து தண்ணீரில் போட்டுவிட்டேன். இது உன்னுடையது, தூக்கிப் போட எனக்கு உரிமை இல்லை. காய்ந்துவிட்டது, பார்த்துப் பிரி. நுனி உடைந்தால் அதையும் என் கணக்கில் சிவப்பு அடிக்காதே.

ஸ்நேஹா


மட்டாஞ்சேரி
1 மார்ச் 2026

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. பெயர் கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டது. கிளப் பலகையில் பதினாறு ஜோடி. ஏழாவது வரியில் ஸ்நேஹா, சுபாஷிணி. நான் எந்த வரியிலும் இல்லை. என்னையும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றேன். யாரோடும் வீம்பு இல்லை. எதிரே உட்காருகிறவர் சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் பழக்கம் போதாது. வேறொருவர் கோப்பையை வைத்து நான் பழக முடியாது.

உன் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. இதையும் மறைக்கவில்லை. உடனே போனை எடுத்தேன், உன் நம்பர் திறந்திருந்தது. நாலு வரி அடித்தேன். அடித்ததை அனுப்பாமல் அழித்தேன். பிறகு நாலு நாள் ஒன்றும் எழுதவில்லை. நாலாவது நாள் நீ செய்தது சரி என்று தெரிந்தது. முதல் நாளே தெரியும், ஒத்துக்கொள்ள நாலு நாள்.

இலை முழுசாக வந்தது. நுனிகூட உடையவில்லை. கிளிப் இருந்த இடத்தில் துருப்பிடித்த கறை இருக்கிறது.

கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன். இதற்குக் கீழே வருவது பட்டியல், எக்செல் இல்லை, கையால் எழுதியது, உனக்கு மட்டும்.

நிகில்

இனிச் செய்யப்போவது:

1. இலையை டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டுவேன். ஸ்பானர் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். என்ன என்று கேட்பவர்களிடம் என்னுடைய குணுக்கு என்று சொல்வேன்.

2. போக்கரை விட மாட்டேன், அது நல்ல ஆட்டம். ஆனால் படகோடு சரி. கிளப்பின் மரப்படியில் கால் வைக்கும்போது போன் அணைந்திருக்கும்.

3. சங்கர்ராம் பேசி முடித்த பிறகே மீட்டரைப் பார்ப்பேன். அவர் ஃபேனை விட்டுத் தன் மாமியார் கதைக்குப் போனாலும்.

4. மார்ச் 15 அன்று வருவேன். உங்கள் மேஜைக்குப் பின்னால் நிற்க மாட்டேன், நின்றால் மூச்சாவது விடுவேன், அதுவே பேச்சு மாதிரி இருக்கும். ஜன்னல் ஓர பெஞ்சில் உட்காருவேன்.

5. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு பிடியைப் பற்றியும் நானாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ கேட்டால், ஒரு நாள் கழித்துச் சொல்வேன்.

6. ஃபைனலில் தோற்கிற ஜோடி யாராக இருந்தாலும் இலை அவர்கள் காதில் இருக்கட்டும், சாயாத் தட்டின் மறுபக்கத்தை நான் பிடிப்பேன். தட்டு சூடாகவே மேலே வரும். அறுபது பேர், ஐந்து நடை, கடைசி டம்ளர் வரை படியிறங்க மாட்டேன்.

7. ஓணப் போட்டிக்கு என்னோடு சேர்வாயா என்று ஆகஸ்டில் எழுதிக் கேட்பேன். முடியாது என்றால் அதை முழுக்கப் படிப்பேன்.

8. சேர்ந்தால், நீ பதினெட்டு என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பாஸ் என்பேன்.